பதினைந்து சொற்களில் எத்தனை நினைவிருக்கிறது?

மனச்சிதைவு நோய் என்றதும் நமக்குத் தோன்றுவது காதில் கேட்கும் குரல்கள், காரணமில்லாத சந்தேகம், தனியே சிரிப்பது. சினிமா பழக்கிவிட்ட படம் அது. நோயாளியோடு ஒரே கூரைக்குக் கீழ் வாழ்கிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். குரலெல்லாம் பெரும்பாலும் மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் அடங்கிவிட்டிருக்கும். இன்னும் தீராத தொல்லை வேறு. "கடைக்கு அனுப்புனா நாலு சாமான்ல ரெண்ட மறந்துட்டு வந்துர்றான்." "ஒண்ணச் சொன்னா மூணு தடவ சொல்லோணும்." "வேலைக்குப் போறான், ஒரு வாரத்துல நின்னுடறான்." இதே நோய், இதே மாத்திரை, ஆனால் பக்கத்துத் தெருவில் ஒருவர் கடை வைத்துக் கணக்கு வழக்கு பிசகாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நோய்க்கு எப்படி இப்படி இரண்டு முகம்?

இந்தக் கேள்வியைச் சாமராஜநகரில் வைத்துக் கேட்டால் அதன் சிக்கல் முழுதாகத் தெரிகிறது. 1997இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. திம்பம் மலைப்பாதை ஏறி ஹாசனூர் தாண்டினால் வந்துவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஈரோடு மாவட்டத்துத் தாளவாடியில் வீட்டுக்கு வீடு கன்னடம் கேட்கும். அந்தப் பக்கம் ஹனூர் வட்டத்து மார்ட்டள்ளி போன்ற ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ். பிளிகிரிரங்கன் மலையிலும் மாதேஸ்வரன் மலையிலும் சோலிகர் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 10.2 லட்சம், எழுத்தறிவு 61 சதவீதத்துக்குச் சற்று மேல். தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015-16) பெரியவர்களில் 0.42 சதவீதம் பேருக்கு மனச்சிதைவும் அதை ஒத்த நோய்களும் அப்போது இருந்ததாகச் சொன்னது. அந்த விகிதத்தை இங்கே போட்டுப் பார்த்தால் இரண்டு, மூவாயிரம் பேராவது தேறுவார்கள். கர்நாடகத்தில் 'மனோசைதன்யா' என்ற பெயரில் செவ்வாய்க்கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. அங்கே எழுதப்படும் சீட்டில் நோயின் பெயர் இருக்கும், மருந்து இருக்கும். அந்த மனிதருக்கு நினைவு எப்படி, கவனம் எப்படி, எவ்வளவு வேகமாக யோசிக்கிறார் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது.

அந்த விவரத்தை எடுப்பது பெரிய இயந்திர வேலை அல்ல. உலகெங்கும் பயன்படும் ஒரு சோதனையைப் பாருங்கள். சோதிப்பவர் பதினைந்து எளிய சொற்களை நிதானமாக வாசிப்பார். எல்லாம் அன்றாடப் பொருள்களின் பெயர்கள். கேட்டவர் நினைவிலிருப்பதை எந்த வரிசையிலும் சொல்லலாம். அதே பட்டியலை ஐந்து முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்வார்கள். நடுவில் வேறொரு பட்டியலைக் கொடுத்துக் குழப்புவார்கள். அரை மணி நேரம் போல வேறு வேலை கொடுத்துவிட்டு, "முதலில் படித்தேனே, அந்தச் சொற்களைச் சொல்லுங்கள்" என்பார்கள். கடைசியில், புதுச் சொற்களோடு கலந்து வாசித்து, எது பட்டியலில் இருந்தது என்று அடையாளம் காட்டச் சொல்வார்கள்.

கொள்ளேகாலில் பட்டுக்கூடு வாங்கி விற்கும் ஒருவரும், குண்டலுப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காட்டில் கூலிக்குப் போகும் ஒருவரும் இந்தச் சோதனைக்கு உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் என் கற்பனை. மதிப்பெண்கள் மட்டும் நடைமுறையில் வரக்கூடிய தினுசு. முதலாமவர் முதல் சுற்றில் ஐந்து சொல்கிறார், ஐந்தாம் சுற்றில் பன்னிரண்டு, அரை மணி கழித்துப் பதினொன்று. கற்றுக்கொள்ளும் திறனுக்குக் குறையில்லை. ஆனால் எண்களுக்குப் பக்கத்தில் அதனதன் குறியைப் போட்டு நிரப்பும் வேகச் சோதனையில் அவர் பின்தங்கிவிடுகிறார். தப்பில்லாமல் போடுகிறார், மெதுவாகப் போடுகிறார். இரண்டாமவர் நான்கு, ஆறு, ஆறு, ஏழு, ஆறு என்று நகராமல் நிற்கிறார். அரை மணி கழித்து இரண்டே சொற்கள். ஆனால் கலந்து வாசித்தபோது பதினைந்தில் பதின்மூன்றைச் சரியாக அடையாளம் காட்டிவிடுகிறார்! சொற்கள் உள்ளே போயிருக்கின்றன. தேடி எடுத்து வெளியே கொண்டுவரும் வழியில்தான் தடை.

இருவருக்கும் ஒரே அறிவுரை சொன்னால் ஒருவருக்காவது அது வீண். முதலாமவரிடம் "எழுதி வைத்துக்கொள்" என்று சொல்லிப் பயனில்லை. அவருக்கு வேண்டியது அவகாசம். ஏலச் சந்தையில் நாலு பேர் ஒரே நேரத்தில் விலை கத்தும் இடத்தில் அவர் திணறுவார், நிதானமாகக் கணக்கு முடிக்கும் இடத்தில் திணற மாட்டார். இரண்டாமவருக்குக் குறிப்பு கொடுத்தால் போதும், பாதிக் குறை தீர்ந்துவிடும். கண்ணில் படும் இடத்தில் மாத்திரைப் பெட்டி, செய்ய வேண்டியதைக் காட்டும் படம், "உப்பு வாங்கணும், அப்புறம்…?" என்ற அடியெடுப்பு. மனச்சிதைவில் தானாக நினைவுகூர்வது பழுதாகும் அளவுக்கு அடையாளம் காணும் திறன் பழுதாவதில்லை என்பது பல ஆய்வுகளில் கண்ட உண்மை.

இந்த வேறுபாட்டை மருத்துவம் முதலிலேயே பார்த்துவிடவில்லை. ஜெர்மனியின் எமில் கிரேப்பெலின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனச்சிதைவை இளவயதிலேயே அறிவு தேயும் நோயாக வகைப்படுத்தினார். ஸ்விட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர் 1908இல் இன்று வழங்கும் பெயரைச் சூட்டியபோது, நினைவும் அடிப்படை அறிவும் இதில் பெரும்பாலும் கெடுவதில்லை என்றார். இரண்டு மேதைகள், நேர் எதிரான இரண்டு முடிவுகள். இருவரும் பார்த்த நோயாளிகள் உண்மையானவர்கள்தான். தாம் பார்த்ததை எல்லாருக்கும் பொருத்தியதுதான் கோளாறு.

பிற்பாடு கணக்கெடுப்புகள் வந்தன. 1998இல் ஹைன்ரிக்ஸ், ஸக்ஸானிஸ் என்ற இருவர் 204 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நினைவு, கவனம், வேகம், மொழி என்று எதை எடுத்தாலும் நோயாளிகளின் சராசரி ஆரோக்கியமானவர்களின் சராசரியைவிடக் கீழே இருந்தது. பல சோதனைகளில் இந்த இடைவெளி புள்ளியியலார் சொல்லும் ஒரு திட்ட விலக்கத்தை ஒட்டி வருகிறது. அதாவது ஆரோக்கியமானவர்கள் நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், சராசரி நோயாளிக்கு மேலே ஏறக்குறைய 84 பேர் நிற்பார்கள். அதே கணக்கின் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. நூறு நோயாளிகளில் 16 பேர் போல ஆரோக்கியமானவர்களின் சராசரிக்கும் மேலேதான் இருப்பார்கள்.

அமெரிக்காவில் பார்டன் பால்மரும் அவரது குழுவினரும் 1997இல் 171 நோயாளிகளைச் சோதித்தபோது நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் எல்லாவற்றிலும் இயல்பான அளவில் இருந்தார்கள். 2000இல் வைக்கர்ட் குழுவினர் 117 பேரை மூன்று வழிகளில் வந்தவர்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் வந்தபின் திறன் சரிந்திருந்தது. கால்வாசிப் பேர் நோய்க்கு முன்பிருந்தே பின்தங்கியவர்கள். மீதிக் கால்வாசிப் பேரிடம் சொல்லும்படியான சரிவு இல்லை. சின்ன வயதிலேயே தடம் தெரிவதற்கு நியூசிலாந்தின் டனீடின் ஆய்வு சாட்சி. 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துவந்ததில், பின்னாளில் இந்த நோய் கண்டவர்கள் பள்ளி வயதிலேயே மொழித் திறனில் கொஞ்சம் பின்னால் இருந்தார்கள். வேகத்திலும் தற்காலிக நினைவிலும் வருடம் போகப் போக சம வயதினரைவிட மெதுவாக வளர்ந்தார்கள்.

"இயல்பாக இருக்கிறார்" என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராத ஒரே கரு இரட்டையர்களை ஒப்பிட்டார்கள். நோய் வந்தவரின் மதிப்பெண் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், அநேகமாக ஒவ்வொரு ஜோடியிலும் அது உடன்பிறந்தவருடையதைவிடக் குறைவாகவே இருந்தது. முதல் வகுப்பில் தேறக்கூடியவர் இரண்டாம் வகுப்பில் தேறினால் ஊருக்கு அவர் தேறியவர்தான், அவருக்குள் மட்டும் ஒரு இழப்பு. அறிவாளிக் குடும்பங்களில் இந்த இழப்பு சோம்பேறித்தனம் என்ற பெயரில் திட்டு வாங்குகிறது.

தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் எலின் சாக்ஸ் தமக்கு இந்த நோய் இருப்பதை 2007இல் புத்தகமாகவே எழுதினார். புனேயின் ரேஷ்மா வள்ளியப்பனும் தம் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவர். இப்படிப்பட்டவர்களை எடுத்துக்காட்டுவது நல்லதுதான், ஒரு எல்லை வரைக்கும். "அவங்களால முடியுது, உன்னால ஏன் முடியல?" என்று அந்த எடுத்துக்காட்டையே மகன் மீது வீசும் பெற்றோரும் உண்டு.

"மாத்திரை போட்டுப் போட்டுத்தான் மந்தமாயிட்டான்" என்பது எல்லா ஊரிலும் கேட்கும் பேச்சு. இதற்கு ஒரு பதில் தமிழ்நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பினர், ஸ்காட்லாந்தின் ராபின் மெக்ரெடியோடு சேர்ந்து, வாழ்நாளில் இந்த நோய்க்கு ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவர்களைத் தேடிப் பார்த்தார்கள். மேலை நாடுகளில் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பதே அரிது. இங்கே, வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது, கிடைத்தார்கள். 1997இல் வெளியான அந்த ஆய்வின்படி மருந்தே தொடாத அந்த நோயாளிகளிடமும் நினைவாற்றல் குறைந்துதான் இருந்தது. நோய்தான் முதல் காரணம்.

அதற்காக மருந்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மனச்சிதைவுக்கான சில மருந்துகளால் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரும். அதைத் தடுக்க டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரையைக் கூடவே எழுதுவது நம் நாட்டில் பரவலான வழக்கம். நினைவுக்கு வேண்டிய அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை அது மூளையில் தடுக்கிறது. நடுக்கம் குறையும், நினைவும் கொஞ்சம் குறையும். சிலருக்கு அது தேவை, பலருக்குச் சில மாதம் கழித்துத் தேவையில்லாமல் போகலாம், ஆனாலும் சீட்டில் வருடக்கணக்கில் தொடர்கிறது. இரண்டு நோயாளிகளுக்கு இடையிலான வேறுபாட்டில் ஒரு பகுதி இந்தச் சின்ன மாத்திரையாகக்கூட இருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் "இது இன்னும் வேணுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. சர்க்கரை, தூக்கமின்மை, மனச்சோர்வு, குடி என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் வேறும் உண்டு.

இனி, அளவுகோலின் பிரச்சினை. சாமராஜநகரில் பத்தில் நாலு பேருக்கு எழுத்தறிவு இல்லை. பென்சில் பிடித்துப் பழகாத கையிடம் குறி போடும் வேகச் சோதனையைக் கொடுத்தால் அளக்கப்படுவது நோயா, பள்ளிக்கூடம் போகாததா? தேன் எடுக்கும் பருவத்தையும் நூற்றுக்கணக்கான செடிகொடிகளையும் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய சோலிகர் ஒருவர், காகிதத்தில் அச்சடித்த புதிர்ப் பாதையில் வழி தெரியாமல் விழித்தால் அவர் அறிவு குறைந்தவரா? வீட்டில் தமிழ் பேசும் மார்ட்டள்ளிப் பெண்ணிடம் கன்னடத்தில் பதினைந்து சொற்களை வாசித்தால் மதிப்பெண் குறையத்தான் செய்யும்.

பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இதை உணர்ந்து 2004இல் தன் நரம்புளவியல் சோதனைத் தொகுப்பை வெளியிட்டபோது, இந்தியர்களையே சோதித்து வயது, பால், படிப்பு வாரியாகத் தனித்தனி அளவுகளைக் கொடுத்தது. எழுதப்படிக்கத் தெரியாதவரை இன்னொரு எழுதப்படிக்கத் தெரியாதவரோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கும் சமூக அறிவைச் சோதிக்க மேலை நாட்டில் கதைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றை அப்படியே எடுத்தால் நம்மவருக்குக் கதையே புரியாது. நிம்ஹான்ஸின் உர்வக்ஷ் மேத்தா, ஜகதீஷ தீர்த்தள்ளி முதலியோர் நம் ஊர்ப் பழக்கங்களுக்கு ஏற்றபடி அவற்றை மாற்றி 2011இல் 'சோக்ரட்டிஸ்' என்ற கருவியை உருவாக்கினார்கள். கிண்டலை உண்மை என்று எடுத்துக்கொள்வது, யாரோ மனம் நொந்ததைக் கவனிக்காமல் போவது, இதெல்லாம் வேலையிடத்தில் எவ்வளவு சங்கடம் தரும் என்பது வேலைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். பதினைந்து சொற்களில் பதினாலைச் சொல்கிறவர்கூட இதில் தடுமாறலாம்.

என் கருத்தில் நம் அரசாங்க நடைமுறை சறுக்குவது இங்கேதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் உள்ளடக்கியது. சான்றிதழுக்கான 'ஐடியாஸ்' அளவுகோல் தன்னைக் கவனித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்கையும் கேட்டுப் புள்ளி போடுகிறது. நல்ல கருவிதான். ஆனால் குளித்து, தலைவாரி, மரியாதையாகப் பதில் சொல்லி, ஒரு வேலையிலும் ஒரு மாதம் தாண்ட முடியாத மனிதரைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கார்" என்று சொல்லி, சலுகைகளுக்கு வேண்டிய 40 சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. ஏன் தாண்ட முடியவில்லை என்பதற்கு விடை கவனத்திலும் நினைவிலும் இருக்கும். அமெரிக்காவின் மைக்கேல் கிரீன் 1996இலேயே எடுத்துக்காட்டியது இதைத்தான்: ஒருவர் வேலை, உறவு, அன்றாட வாழ்வில் எப்படித் தேறுவார் என்பதைக் குரல்கள் கேட்கின்றனவா என்பதைவிட நினைவும் கவனமும் துல்லியமாகச் சொல்கின்றன.

இந்த நினைவு, கவனக் குறைகளுக்கென்று ஒரு மருந்து இருக்கிறதா என்று கேட்டால், இன்றைக்கு இல்லை. பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட ஐக்லெபெர்டின் என்ற மருந்து இறுதிக்கட்டச் சோதனைகளில் தேறவில்லை என்று 2025 ஜனவரியில் அதன் நிறுவனமே அறிவித்தது. பயிற்சிக்குப் பலன் உண்டு. 40 ஆய்வுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, திறன்மீட்புப் பயிற்சியால் நடுத்தர அளவில் முன்னேற்றம் வருகிறது, வேலைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் அது வாழ்க்கையிலும் தெரிகிறது என்றது.

நிம்ஹான்ஸின் சாந்தலா ஹெக்டே குழுவினர் முதன்முறை நோய் கண்டவர்களுக்கு வீட்டிலேயே இரண்டு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிம்ஹான்ஸ் வழிப் பயிற்சிகளில் எனக்குப் பிடித்தது தானியம் பிரிப்பது. இரண்டு மூன்று வகைத் தானியங்களைக் கலந்து தட்டில் கொட்டி, வகைவாரியாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு நேரம், எத்தனை தப்பு என்று குறித்துக்கொண்டு, தேறத் தேற வகையைக் கூட்டுகிறார்கள். இன்னொன்று, அச்சடித்த தாளில் ஒரு குறிப்பிட்ட எழுத்தை மட்டும் தேடித் தேடி அடிப்பது. கணினி வேண்டாம், இணையம் வேண்டாம். படிக்காதவருக்குத் தானியம், படித்தவருக்குத் தாள். திண்ணையில் உட்கார்ந்து முறத்தோடு அம்மாவும் மகனும் செய்யக்கூடிய காரியம். ஆனால் யாருக்கு எந்தப் பயிற்சி என்பதை முதலில் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும். கவனத்தில் குறையில்லாதவருக்கு மூன்று மாதம் தானியம் பிரிக்கக் கொடுத்தால் அவர் நம்மை ஒருமாதிரி பார்ப்பார், நியாயமாகவே.

எல்லா தாலுகா மருத்துவமனையிலும் நரம்புளவியலாளரை உட்கார வைப்பது நாளைக்கே நடக்கிற காரியம் அல்ல. மாவட்டத் தலைநகரில் 2016 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மைசூரு 60 கிலோமீட்டர். வருடத்துக்கு ஒருமுறை, அரைநாள், வீட்டில் பேசும் மொழியில் ஒரு முழுச் சோதனை என்று ஏற்பாடு செய்தால்கூட நிலைமை மாறிவிடும்.

அதுவரை வீட்டிலிருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது "தூங்கறானா, குரல் கேக்குதா" என்ற வழக்கமான கேள்விகள் முடிந்ததும் நீங்கள் நாலு விஷயம் சொல்லுங்கள்: சொன்னது நினைவிருக்கிறதா, ஒரு வேலையில் எவ்வளவு நேரம் நிற்கிறார், மெதுவாகச் செய்கிறாரா தப்பாகச் செய்கிறாரா, குறிப்பு கொடுத்தால் தேறுகிறாரா. இதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவமனை தொலைவு என்றால், ஒன்றிய அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையின் இலவசத் தொலைபேசி எண் 14416. எல்லைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம்.